புதிய மடிக்கணினியை ஆய்வுக்கு ஆயத்தம் செய்தல்

ஆய்வு மாணவர் சிலர் அண்மையில் ஒரே வினாவை வெவ்வேறு சொற்களில் கேட்டனர்: “களப்பணியில் திரட்டிய தமிழ்த் தரவை ஒரு வலைத்தளமாக ஆக்க விரும்புகிறோம். புதிய மடிக்கணினி வந்துவிட்டது. முதலில் எதை நிறுவுவது?” எதை நிறுவ வேண்டும் என்ற பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். ஓர் உலாவி, ஒரு நிரல் தொகுப்பான், கிட், நோட் என்று அவை தொடங்கும், அரைநாளில் முடிந்துவிடும். அந்தப் பட்டியல்களில் குறை ஏதுமில்லை. ஆனால் அவை, உரோமன் எழுத்தில் தரவை வைத்திருப்பவரையும் எவருடைய இரகசியத்தையும் சுமக்காதவரையும் எண்ணி எழுதப்பட்டவை. நம் நிலை வேறு. சென்ற மாதம் என் புதிய கணினியை ஆயத்தம் செய்தபோது குறிப்பேட்டில் எழுதிவைத்தவற்றை இங்கே விரிவாகத் தருகிறேன்.

என் ஆய்வைப் பற்றி இரண்டு வரிகள் சொன்னால்தான் பின்வருவன விளங்கும். மும்பை தாராவியில் வாழும் தமிழரின் பேச்சுச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகச் சென்றவர்களின் வழியினர் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்கள் நாவில் நெல்லைத் தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து புதிய பொருள்கள் பிறந்துள்ளன. நமக்குக் கோலி என்றால் சிறுவர் உருட்டும் குண்டு. அவர்களுக்கு அது வசிக்கும் அறையும் ஆகும். நமக்குப் பகடி என்றால் கேலி. அவர்களுக்கு அது, பெருந்தொகை ஒன்றை முன்னதாகக் கொடுத்துக் குறைந்த வாடகையில் நீண்டகாலம் குடியிருக்கும் மும்பையின் பழைய குத்தகை முறையும் ஆகும். நாக்கா, சால், ஜோபட்பட்டி ஆகியவையும் அன்றாடச் சொற்கள். இவற்றை ஒலிப்பதிவோடு ஒரு வலை அகராதியாக வெளியிட வேண்டும் என்பது என் திட்டம்.

1. வட்டைப் பூட்டுதல்

இயங்குதளத்தை நிறுவும்போது, வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யலாமா என்று ஒரு கேள்வி வரும். பெரும்பாலோர் அதைக் கடந்துசெல்வர். கணினி களவு போனாலும் கடவுச்சொல் தெரியாதவர் வட்டைப் படிக்க முடியாதபடி செய்யும் ஏற்பாடு இது. லினக்ஸில் லக்ஸ் என்னும் முறை இதைச் செய்கிறது. நிறுவும் வேளையில் ஒப்புக்கொண்டால் ஒரு சொடுக்கு. பின்னாளில் செய்ய நினைத்தால் பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துத் தொடங்க நேரிடும். ஆகவே இதையே முதலில் வைக்கிறேன்.

சொல் அகராதிக்கு இவ்வளவு காவல் எதற்கு என்று கேட்கலாம். ஒருவரிடம் ‘கோலி’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்டால் அவர் அச்சொல்லை மட்டும் சொல்வதில்லை. எந்த ஆண்டு வந்தார், அறையை எவரிடம் வாங்கினார், எந்தக் காகிதம் கையில் இருக்கிறது, எந்தக் காகிதம் இல்லை என்பதையும் சொல்கிறார். மும்பையின் குடிசை மறுசீரமைப்புத் திட்டங்களில் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 என்பது இலவச வீட்டுக்குத் தகுதியைத் தீர்மானிக்கும் எல்லைநாள். அந்த நாளுக்கு முன்னா பின்னா என்பதில் ஒரு குடும்பத்தின் கூரை தொங்கிக்கொண்டிருக்கிறது. என் ஒலிப்பதிவுகளில் அந்த விடை பல குரல்களில் பதிவாகியுள்ளது. அவர்கள் அதை மொழி ஆய்வுக்கென்று என்னிடம் சொன்னார்கள். வேறு எவருக்கும் சொல்லவில்லை.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்று. கிட் என்னும் பதிப்புக் காப்பு நிரல், 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் வேலைக்காக எழுதியது. எதையும் மறக்காமல் இருப்பதே அதன் சிறப்பு. இன்று ஒரு கோப்பைச் சேர்த்து நாளை நீக்கினாலும் அது வரலாற்றில் நிற்கும்; களஞ்சியத்தைப் பொதுவில் வைத்தால் எவரும் தோண்டி எடுக்கலாம். எனவே முதல் பதிவுக்கு முன்பே ஒலிக்கோப்புறையையும் தகவலாளர் பெயர்ப் பட்டியலையும் கிட் தொடக்கூடாதவை என்று விலக்கு கோப்பில் எழுதிவிட வேண்டும். நான் இரண்டு கோப்புறைகளை வெவ்வேறு இடங்களில் வைத்திருக்கிறேன். ஒன்றில் சொல்லும் பொருளும், பேசியவருக்கு இட்ட எண்ணும் உள்ளன. மற்றொன்றில் அந்த எண் யாருடையது என்பது உள்ளது. முன்னது வலைக்குச் செல்லும். பின்னது இந்தக் கணினியையும், நெறியாளர் அலமாரியில் உள்ள பூட்டிய வட்டையும் தாண்டாது.

2. மூன்று எழுத்துகளுக்கு ஒரு விசைப்பலகை

லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு ஏற்பாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான அமைப்பு அது. குறைந்த தட்டல்களில் எழுதலாம். எனக்கு அது மட்டும் போதவில்லை. தாராவியில் பிறந்த இளைஞர் பலர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவர், தமிழ் எழுத்தை வாசிக்கத் தடுமாறுவர். அவர்கள் தேடுபெட்டியில் ‘கோலி’ என்பதை உரோமன் எழுத்திலோ தேவநாகரியிலோதான் தட்டுவார்கள். ஆகவே ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் மூன்று எழுத்துகளிலும் தேடல் வடிவம் சேர்க்கிறேன். தேவநாகரி விசைப்பலகையும் முதல் நாளே கணினியில் ஏறிவிட்டது.

3. முனையமும் தொகுப்பானும்

நிரலர் விரும்பும் சம அகல எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகளே இல்லை. அப்போது கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும்; வரிகள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்கா. தொகுப்பானின் அமைப்பில் ஆங்கில எழுத்துருவுக்கு அடுத்ததாக நோட்டோ சான்ஸ் தமிழ் என்று நாமே எழுதிவிட்டால், எதிலிருந்து கடன் வாங்குவது என்பதையாவது நாம் தீர்மானிக்கலாம். கட்டளை முனையங்கள் பல எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்குபவை; கொம்பும் காலும் புள்ளியும் அங்கே இடம் மாறித் தோன்றுவதுண்டு. தமிழ்த் தரவை முனையத்தில் சரிபார்க்காதீர்கள்; உலாவியில் திறந்து பாருங்கள்.

கிட் நிரலிலும் ஒரு சிறு திருத்தம் தேவை. ‘கோலி’ என்று பெயரிட்ட கோப்பைச் சேர்த்தால் அது இயல்பாக \340\256\225 என்று தொடங்கும் எண்தொடராகவே காட்டும். அந்த மூன்று எண்களும் சேர்ந்தது ‘க’ என்னும் ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகள். கோர்.குவோட்பாத் என்னும் அமைப்பைப் பொய் என்று மாற்றினால் தமிழ்ப் பெயர்கள் தமிழிலேயே தோன்றும். இதைச் செய்யாமல் சலித்துப்போய்க் கோப்புகளுக்கெல்லாம் ஆங்கிலப் பெயரிட்டவர்கள் உண்டு. ஒரு வரியில் முடியும் வேலை இது.

4. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

‘கோலி’ என்ற சொல்லைக் கணினி இரு வகையாகச் சேமிக்கலாம். க, ஓகார உயிர்க்குறி, ல, இகர உயிர்க்குறி என்று நான்கு குறியெண்களாக வைப்பது ஒரு வகை. ஓகாரக் குறியை இரட்டைக் கொம்பு, கால் என்று பிரித்து ஐந்தாக வைப்பது இன்னொரு வகை. இரண்டையும் ஒருங்குறி சமமானவையாக ஏற்கிறது. திரையில் வேறுபாடு சிறிதும் தெரியாது. ஆனால் சாதாரணத் தேடல் குறியெண்களைத்தான் ஒப்பிடும். ஒரு வடிவில் தேடினால் மற்றது அகப்படாது. வெவ்வேறு கைப்பேசிகளிலும் கணினிகளிலும் தட்டச்சான குறிப்புகளை ஒன்றுசேர்ப்பவருக்கு இது உறுதியாக நேரும். ‘சௌ’ என்பதன் பின்பாதியாக ளகரத்தையே தட்டிவிடுவது இதனினும் கடினமான சிக்கல். அது ஒருங்குறியின் கணக்கில் வேறு சொல்லாகவே ஆகிவிடும்.

முன்னதற்கு மருந்து எளிது. தரவு உள்ளே வரும் வாயிலிலேயே, என்.எஃப்.சி. என்னும் சேர்ந்த வடிவுக்கு எல்லாவற்றையும் மாற்றும் ஒரு வரியை வைத்துவிட வேண்டும். தேடுபெட்டியில் வாசகர் தட்டுவதையும் அவ்வாறே மாற்ற வேண்டும். பின்னதற்கு இயந்திர மருந்து போதாது. ளகரத்தில் முடியும் ஐயத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட்டுக் கண்ணால் பார்ப்பதே வழி.

எழுத்தை எண்ணுவதும் இதனோடு சேர்ந்தது. தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்றால் பள்ளிப் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் ஐந்து என்னும்; யூடிஎஃப்-8 கோப்பில் அது பதினைந்து பைட்டு. மூன்றும் தத்தம் கணக்கில் சரியே. ஆயினும் ‘கோ’ வரிசை என்று தலைப்பிட முதல் எழுத்தை வெட்டி எடுத்தால் வெறும் ‘க’ கையில் வரும், ஓகாரம் போய்விடும். இன்டல்.செக்மென்டர் என்னும் கருவி வாசகர் காணும் எழுத்தாகப் பிரித்துத் தரும். பயர்பாக்ஸ் உலாவி இதனை 2024இல்தான் ஏற்றது. எனவே பழைய உலாவிகளை நம்பாமல், என் கணினியிலேயே பிரித்து முடித்து விளைவை மட்டும் வலைக்கு அனுப்புகிறேன்.

5. அகரவரிசை யாருடையது?

அகராதி செய்பவருக்கு இதுவே நடுநாயகமான இடம். கணினியிடம் சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னால், வேறு அறிவுறுத்தல் இல்லாதவரை குறியெண் வரிசையில் வைக்கும். அந்த வரிசை பிற இந்திய எழுத்துகளுக்கு ஒப்ப அமைந்தது. நம் நெடுங்கணக்கு அன்று. அதில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும் வரும். வகரம் அவற்றுக்குப் பின்னே நிற்கும். மெய்ப்புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பிற்பட்டது. ஆகவே கலம் முன்னும் கல், கல்லூரி, கல்வி ஆகியவை பின்னும் வரும். நம் அகராதிகளைப் புரட்டிப் பழகியவர் கல், கல்லூரி, கல்வி என்று கண்டு, அதன்பின்னரே கலத்தைத் தேடுவார்.

தமிழ் முறையில் வரிசைப்படுத்த இன்டல்.கொலேட்டர் என்னும் கருவியிடம் தமிழுக்கான விதியைக் கேட்க வேண்டும். இங்கேதான் கணினியை ஆயத்தம் செய்வது ஆய்வின் பகுதியாகிவிடுகிறது. நோட் நிரல் 2019இல் வெளிவந்த 13ஆம் பதிப்பிலிருந்துதான் எல்லா மொழிகளின் விதிகளையும் இயல்பாகவே சுமக்கிறது. அதற்கு முந்தைய வழக்கமான பதிப்புகளில் ஆங்கிலம் மட்டுமே முழுமையாக இருந்தது. தமிழ் விதி கேட்டால் அவை மறுப்புச் சொல்வதில்லை. ஓசையின்றிப் பொது விதிக்குத் திரும்பிவிடும். ஒரே நிரல், ஒரே தரவு, இரு கணினிகளில் இரு அகராதி. 2018இல் குனு சி நூலகத்தின் 2.28ஆம் பதிப்பு வரிசை விதிகளை மாற்றியமைத்தபோது, பழைய விதிப்படி கட்டப்பட்ட போஸ்ட்கிரெஸ் தரவுத்தளச் சுட்டிகள் புதிய விதியோடு முரண்பட்டன. அவற்றை மீளக் கட்ட வேண்டியதாயிற்று. வரிசை என்பது கல்லில் வெட்டியது என நினைக்கிறோம். கணினியில் அது ஒரு பதிப்பெண்ணைச் சார்ந்தது.

விதியைத் தேர்ந்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சும். ஜோபட்பட்டி எங்கே நிற்கும்? குறியெண் வரிசையில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே வரும். தமிழ் விதியில் கிரந்த எழுத்துகள் னகரத்துக்கும் பின்னே, கடைசியில் வரும். பொது அகராதியில் இது சிறு செய்தி. என் தொகுப்பிலோ கிரந்த எழுத்தில் தொடங்கும் சொற்களுட் பெரும்பாலானவை மும்பை தந்தவை. அவற்றைக் கடைக்கோடியில் ஒதுக்கினால், ஊரின் ஓரத்தில் குடியிருத்தப்பட்டவர்களின் சொற்களும் நூலின் ஓரத்திலேயே அமரும். இதை நெறியாளரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வாசகன் எங்கே தேடுவானோ அங்கே வை. உன் வருத்தத்தை முன்னுரையில் எழுது” என்றார். அவர் சொன்னது நியாயமே. வரிசையைத் தமிழ் முறைப்படியே வைத்தேன். கூடவே தாராவியில் முதியோர் பலர் உச்சரிக்கும் ‘சோப்பட்பட்டி’ என்னும் வடிவைச் சகர வரிசையில் தனிப் பதிவாக்கி, அங்கிருந்து ஜகரத்துக்கு வழிகாட்டினேன். அவர்கள் வாயில் அச்சொல் கடைசியில் இல்லை.

வரிசையை வாசகரின் உலாவியில் செய்யாமல், என் கணினியில் ஒருமுறை செய்து ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசையெண் இட்டுவிடுவது நலம். எந்தக் கைப்பேசியில் திறந்தாலும் அகராதி ஒன்றாகவே இருக்கும்.

6. பழைய கைப்பேசியும் ஒரு கருவி

புதிய மடிக்கணினியில் எல்லாத் தளமும் விரைவாகத்தான் திறக்கும். என் வாசகர் கையில் இருப்பது விலை குறைந்த, சில ஆண்டுகள் உழைத்த ஆண்ட்ராய்டு கைப்பேசி. எனவே அத்தகைய ஒன்றைப் பழைய பொருள் கடையில் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். கணினியில் ஓடும் உருவாக்கச் சேவையகங்கள் பெரும்பாலும் அந்தக் கணினிக்குள் மட்டுமே விடையளிக்கும். வெளியிலிருந்து வருவதற்கு அனுமதி தந்தால், அதே வைஃபையில் உள்ள கைப்பேசியிலும் திறக்கலாம். வேலை முடிந்ததும் அந்த அனுமதியை மூடிவிட வேண்டும்.

அப்படிப் பார்த்ததன் முதற்பயன், அழகிய தமிழ் எழுத்துரு ஒன்றைத் தளத்தோடு அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டது. ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. வாசகரின் தரவுக் கட்டணத்தில் இன்னொன்றை இறக்க வேண்டியதில்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்கும் சிறு பண்பையும் மறவாதீர்கள். திரையை வாசித்துக் காட்டும் கருவி அதைப் பார்த்தே தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும்.

கைப்பேசியில் முதல் பக்கத்தை நான் காட்டிய ஆச்சி ஒருவர், தம் குரல் கேட்டதும் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இது என் பேத்தி ஊருக்குப் போனாலும் கேக்குமா தம்பி?” என்றார். கேட்கும் ஆச்சி என்றேன். “நான் போனப்புறமும்?” என்றார்.

7. எழுதிவைத்தல்

அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. மேலே சொன்ன ஒவ்வொன்றையும், செய்த நாளிலேயே ஒரு கோப்பில் எழுதிவைப்பது. எந்த இயங்குதளம், நோட்டின் எந்தப் பதிப்பு, எந்த வரிசை விதி, எந்த வடிவுக்கு மாற்றினோம், எவற்றைக் கிட்டிலிருந்து விலக்கினோம், ஏன். நோட்டின் பதிப்பெண்ணைத் திட்டக் கோப்பிலேயே பதித்துவிடலாம். சார்பு நூலகங்களின் பூட்டுக் கோப்பையும் களஞ்சியத்தில் சேர்த்துவிட வேண்டும். காரணங்களை மட்டும் எந்தக் கருவியும் எழுதித் தராது. அவற்றை நாம் தமிழில் எழுத வேண்டும்.

எனக்குத் தெரிந்த துறை ஒன்றின் அலமாரியில் ஒரு குறுந்தகடு இருக்கிறது. ஒருங்குறி பரவாத காலத்தில் மூத்த ஆய்வாளர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தொகுத்த வட்டாரச் சொற்பட்டியல் அதில் உள்ளது. அன்றைய வழக்கப்படி அது ஒரு தனி எழுத்துருவின் குறியேற்றத்தில் தட்டச்சானது. எழுத்துரு இல்லாமல் திறந்தால் உரோமன் எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கிறது. எந்த எழுத்துரு என்று உறையிலோ கோப்பிலோ ஒரு சொல்லும் இல்லை. அதைப் பேசியவர்களிற் பெரும்பாலோர் இன்று இல்லை. தகடு பழுதாகவில்லை, ஒரு வரிக் குறிப்புத்தான் இல்லை.

உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில், ஒப்பிட்ட ஏட்டுப் பிரதிகள் எந்தெந்த ஊரில் எவரெவரிடம் கிடைத்தன என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். பாடம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் வருபவன் சரிபார்க்க வழி வைத்தார். நம் கணினியின் ஆயத்தக் குறிப்பும் அந்த முகவுரையின் இனத்தைச் சேர்ந்ததே. அதை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்க்க நெறியாளர் இசைந்துவிட்டார். பிற துறையினரும் தம் நெறியாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு: முதல் நாள் வட்டு மறையாக்கமும் கிட் விலக்குப் பட்டியலும். இரண்டாம் நாள் விசைப்பலகை, எழுத்துரு, என்.எஃப்.சி. மாற்றம். மூன்றாம் நாள் வரிசை விதியும் கைப்பேசிச் சோதனையும். ஒவ்வொரு நாள் இரவும் அன்று செய்ததை ஒரு பக்கம் எழுதுங்கள். என் குறிப்புக் கோப்பு வேண்டுவோர் சொல்லுங்கள், அனுப்புகிறேன். உங்கள் தரவுக்குப் பொருந்தாத வரிகளை அடித்துவிட்டு, பொருந்துவதை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.